கிளாஸைப் பார்த்தவன்

ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவக் கை இருந்தால் போதும், முகம் தேவையில்லை என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். ஏமாந்துபோனேன்; உங்களிலும் பலர் ஏமாந்திருப்பீர்கள்.

வருடக் கடைசி விருந்து

சுவிஸின் லுசேர்ண் நகரில் எங்கள் ஹோட்டல் வேலையாட்களுக்கு வருடக் கடைசியில் விருந்து உண்டு. குடிக்கமுன் கிளாஸோடு கிளாஸ் முட்டும்போது ஒவ்வொருவரையும் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அது மரியாதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் கண்ணைப் பார்த்தால் உடம்பு கூசும். கிளாஸையே பார்த்தேன். புதிதாக வந்திருந்த ஷெஃப்பின் முகம் சுருங்கியது. அடுத்த நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை. பிடிக்காத ஆளை இங்கே வைத்திருப்பது கஷ்டம்."

இடைவேளை மேசை

காலை இடைவேளையில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து கதைப்பார்கள். கோப்பை கழுவும் மெஷினின் இரைச்சலுக்கு மேல் அதுவும் என்றால் எனக்குத் தலை வெடிக்கும். பாண் துண்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்விடுவேன். சலாட் வெட்டுகிற சபேசன், எங்கள் ஊர்ப் பெடியன், அதைத் திமிர் என்று ஷெஃப்பிடம் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து அவனுடைய சட்டிகளைக் கடைசியாகத்தான் கழுவுகிறேன். ஏனென்று கேட்டான், நீ சொல்லிக்கொடுத்ததற்குத்தான் என்றேன். அவன் விடவில்லை: "பின்னை என்ன அண்ணை? ஒரு வணக்கம் சொன்னால் வாய் தேஞ்சுபோமோ?"

மகளின் கார்

வேலை போய்விடும் என்று பயந்து மகளிடம் சொன்னேன். அவள் டொக்டரிடம் கூட்டிப்போனாள். பல தரம் வரச்சொல்லிக் கேள்வி கேட்டபின், பிறவியிலேயே இருக்கிற ஓட்டிசம் என்றார். பள்ளிக்கூடத்திலும் அகதி முகாமிலும் நான் வாங்கிய பேச்செல்லாம் ஏனென்று அன்றுதான் விளங்கியது. பேசினவர்களின் பெயர்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. திரும்பும்போது காரில் வழியெல்லாம் அவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மகள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் திமிர் பிடிச்ச ஆள் இல்லை. கோவக்காரன், அவ்வளவுதான்."

ஷெஃப்பின் அறை

ஷெஃப்பிடம் பேசத் தானும் வருகிறேன் என்றாள் மகள். வேண்டாமென்று தனியே போனேன். சுவரைப் பார்த்தபடி, தெரிந்த ஜெர்மனில் எல்லாம் சொன்னேன். கண்ணைப் பார்க்க மாட்டேன், தனியே சாப்பிடுவேன், வேலை மாறினால் முந்தின நாளே சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், இந்த மெஷின் வேலையை விட்டு நான் போகமாட்டேன். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது எனக்குச் சுகமாக இருந்தது. பிறகு சொன்னார்: "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானும் கிளாஸைப் பார்த்திருப்பேனே."

அடுத்த விருந்து

ஷெஃப் சொன்னபடி கிளாஸையே பார்த்து முட்டினார். பின்னால் சபேசன் வந்தான். அவனும் குனிந்து கிளாஸைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டான்: "அப்ப அண்ணை, இந்த வருத்தத்தாலைதான் என்ரை சட்டியைக் கடைசியாக் கழுவுறியள், என்னிலை கோவமில்லை, என்ன?"

ஓட்டிசம் நோயும் இல்லை, கோபமும் இல்லை, அது வேறு இது வேறு என்று விளக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, கோபமும் ஆறவில்லை என்பதால், அவன் சட்டிகள் இன்றைக்கும் கடைசியாகத்தான் மெஷினுக்குள் போகின்றன.