லெஃப்ட் அவுட்டுக்கு வாங்கிய பூட்ஸ்

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. அரிசி மில் முதலாளி ஒருவர் அதற்குத் தலைவர். இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்ததால் நான் செயலாளர். வாத்தியார் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கிளப்புக்கே போயிற்று. ஆட்டக்காரர்களுக்கு மாட்ச்சுக்குப் பேட்டாவும், ஆட்டம் முடிந்ததும் ஹோட்டலில் சாப்பாடும் உண்டு. நன்றாக ஆடுகிறவருக்கு மில்லில் ஒரு வேலை கிடைக்கும். பாதிப் பேர் அந்த வேலைக்காகத்தான் ஆடினார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட் மகாபலிபுரத்து மீனவர். மாட்ச் நாளில் கட்டுமரத்தில் போகமாட்டார். போகாத நாளுக்கு மீனில் பங்கு கிடையாது. மனைவி பிள்ளையுண்டாகியிருந்தார். கடலை விட்டுவிட்டு மில் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம். மணலில் ஓடிப் பழகிய கால். கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடுவார். பந்து அவரை விட்டு விலகாது. பட்டணத்து மாட்ச்சை ஜெயித்துவிட்டு வரட்டும், அவனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த மாட்ச் நெருங்கியபோது எனக்கு ஒரு கூச்சம் வந்தது. பட்டணத்து ஆபீஸ் டீம்களெல்லாம் பூட்ஸ் போட்டு ஆடுகிறவை. நம்மில் ஒருவர் வெறுங்காலோடு இறங்கினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வெறுங்காலோடு ஆட அந்தப் போட்டியில் தடை இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும், பூட்ஸ் கட்டாயம், அதுதான் ரூல் என்று அவரிடம் சொன்னேன். நான் ரூல் என்று சொன்னால் கிளப்பில் யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

கிளப் செலவில் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். புதுத் தோல் காலைக் கடித்தது. புதுக் கயிறு முரடாக இருந்தால் கடல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது மீனவர்கள் வழக்கம். அவர் பூட்ஸையும் அப்படியே ஊறப்போட்டு, வெயிலில் மணல்மேல் காயவைத்துவிட்டார். தோல் மரக்கட்டையாகிவிட்டது. எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் அதை எங்களிடம் காட்டினார்.

"இன்னா அண்ணாத்த, பூட்ஸ கருவாடு போட்டு எத்துக்கினு வந்துகீற?" என்றார் கோல்கீப்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மைதானத்தில் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், கால்ல கல்லு கட்டிவுட்ட மாரி கீது. பாதி ஆட்டமாவது வெறுங்கால்ல ஆடிக்கிறேன். அந்த ரெஃப்ரீயாண்ட நீங்களே இங்கிலீஷ்ல ஒரு வார்த்த கேளுங்க சார்."

ரெஃப்ரீ அருகில்தான் நின்றிருந்தார். நான் போய் அவரிடம் மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, முடியாது என்கிறார் என்றேன்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, பந்தோடு திரும்பும்போது வழுக்கி விழுந்தார். முழங்கால் பிசகிவிட்டது. மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம். கட்டுப் போட்டும் கால் பழையபடி ஆகவில்லை. அவரால் கட்டுமரத்தில் கால் ஊன்றி நிற்க முடியாமல் போயிற்று. அதன் பிறகு கிளப்பும் நெடுநாள் நிற்கவில்லை. நன்றாக ஆடியவர்களைப் பட்டணத்து ஆபீஸ்கள் வேலை கொடுத்துக் கூட்டிப் போயின. முதலாளிக்கும் சலித்துவிட்டது. எனக்கும்தான்.

கிளப்பை மூடுவதற்கு முன் ஒருநாள் லெஃப்ட் அவுட் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, என்னைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தப்பு எம்மேலதான் சார். நல்ல பூட்ஸ நாந்தான் நாசம் பண்ணிட்டேன். மில்லுல குந்திக்கினு பாக்குற வேல எதுனா இருந்தா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

பரவாயில்லை என்று அவரை மன்னித்தேன். முதலாளியிடம் சொல்கிறேன் என்றேன். சொன்னால், வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு பூட்ஸ் எதற்கு என்று அவர் கேட்பார். அதனால் நான் சொல்லவேயில்லை.