முதுகில் இருந்த டாங்கி

சின்ன வயதில் தீயணைப்பு வீரனாக ஆசைப்பட்டேன். ஆனதோ ஸ்கந்தபுரத்தில் நெல் விதைக்கிற ஆள். தலை நரைத்த பிறகுதான் அணைக்க எனக்கொரு நெருப்புக் கிடைத்தது.

வயல் வரம்புப் புல்லுக்கு மருந்தடித்துவிட்டு, பாதி நிறைந்திருந்த தெளிப்பு டாங்கியை முதுகில் சுமந்தபடி வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வளவு மலரக்கா குப்பைக்கு வைத்த நெருப்பு கிடுகு வேலியில் ஏறியிருந்தது. வேலியோரம் அவருடைய மிளகாய்த் தோட்டம். அவர் வாளியோடு கிணற்றடிக்கு ஓடினார்.

"அக்கா, தள்ளுங்கோ! நான் நிக்கிறன்!" என்று பாய்ந்து, வேலிக்கு மட்டுமல்ல, பற்றிவிடக் கூடாதென்று செடிகளுக்கும் டாங்கியில் இருந்ததைப் பீய்ச்சினேன். அவருடைய வாளித் தண்ணீரும் சேர, நெருப்பு அணைந்தது. எனக்குத் தேத்தண்ணீரும் கிடைத்தது.

சில நாளில் மிளகாய்ச் செடிகள் மஞ்சளாகிக் கருகின. டாங்கியில் இருந்தது புல்லைக் கொல்லுகிற மருந்து என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நெருப்பு வேலியோட நிண்டிருக்கும். நீ முழுத் தோட்டத்தையும் முடிச்சிட்டியே! என்ர பிள்ளையளின்ர படிப்படா அது!"

"உதவிக்குத்தானே அக்கா..."

"இனி இந்தப் பக்கம் வந்தியெண்டா உன்னைத்தான் கொளுத்துவன்!"

"கொளுத்துங்கோ அக்கா, நான் தண்ணி ஊத்தமாட்டன்" என்றாள் என் மனைவி.

புதுக் கன்றுகள் வாங்கிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தினார்.

இப்போது டாங்கியைக் கழுவி வயல் கொட்டிலிலேயே பூட்டிவிட்டு வருகிறேன். போன கிழமை அக்காவின் வளவில் புகை எழும்ப, வாளியோடு ஓடினேன்.

"அங்கேயே நில்லு!"

நின்றேன். திரும்பி, வெறும் முதுகைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் படலையைத் திறந்தார்.