நூற்றுப் பன்னிரண்டு மாட்டுத்தொழுவங்கள்

ஐம்பத்தாறாம் வருடம் கால்நடைக் கணக்கெடுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பாறசாலைக்குத் தெற்கே இருந்த எங்கள் பஞ்சாயத்தில் இரண்டு வார்டுகள் என் பங்கு. வெயிலில் அலைந்து, நாய்களிடம் தப்பித்து, அறுபத்து நாலு மாடுகள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஆபீசில் உட்கார்ந்து வீட்டுவரிப் பதிவேட்டைப் புரட்டினால், அதே இரண்டு வார்டுகளில் மாட்டுத்தொழுவங்கள் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

நான் ரெத்தினதாஸ், அந்தப் பஞ்சாயத்தின் கிளார்க். ஒரு எண் இன்னொன்றோடு ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாட்டுக்கு ஒரு தொழுவம் என்று வைத்தாலும் நாற்பத்தெட்டு தொழுவங்கள் மிச்சம். எங்கள் ஊரில் மனிதர்களே ஒரு கூரைக்குக் கீழே எட்டுப் பேர் படுத்துக்கொண்டிருந்தார்கள். இல்லாத மாடுகளுக்கு யார் இவ்வளவு தொழுவம் கட்டினார்கள்?

பதிவேட்டை எழுதியவர் சுந்தரதாஸ் அண்ணன். வீடுகளை அளந்து வரி மதிப்புப் போடுவது அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் சுருட்டிய அளவு நாடா. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, உம்ம தொழுத்துல கெட்டுக மாடெல்லாம் எங்க போச்சு?"

அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "மேயப் போயிருக்கும் மக்கா," என்றார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய வீட்டுவரி ஒரு வினோதமான கேள்வியிலிருந்து பிறந்தது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு, வரும் பதிலில் இருந்து வரி போட வேண்டும். எங்கள் பக்கம் அப்போது யாரும் வீட்டை வாடகைக்கு விட்டதே இல்லை. இல்லாத வாடகையைக் கற்பனை செய்து எழுதுவதுதான் அண்ணன் உத்தியோகம். விஜயம்மா என்ற பெண்மணி, ஓடு போட்ட நல்ல வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு, "இதுக்க உள்ள நான் அங்கோட்டு காசு குடுத்தாலும் ஒருத்தனும் இருக்கமாட்டான், சாரே" என்று அழாத குறையாகச் சொன்னாள். அண்ணனும் குறைத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அவள் மகளுக்கு நெய்யாற்றின்கரையில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து வீட்டின் மதிப்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று யாரோ சொல்ல, ஓடி வந்து மதிப்பைக் கூட்டிப் போடச் சொன்னாள். கூட்டினால் வரியும் கூடும் என்றார் அண்ணன். "கல்யாணம் கழிஞ்ச பொறவு குறைச்சுப் போடப்படாதா?" என்று கேட்டாள்.

அண்ணனுக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. எந்த நிலம் கைமாறினாலும் சென்ட் என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்பார். வாங்க அவர் கையில் தம்பிடி கிடையாது. தரகு வேலையும் இல்லை. வெறும் அறியும் ஆசை. சந்தையில், பஸ்சில், ஆராதனை முடிந்து சர்ச் வாசலில், எங்கேயும் கேட்பார். தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. அண்ணனும் அதில் தீவிரம். துப்பாக்கிச் சூடு நடந்த ஐம்பத்து நாலு ஆகஸ்டுக்கு முன்னும் பின்னும் ஊர்வலம் போனவர். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டில் சேரும் என்று நம்பினோம். நானும் நம்பினேன்.

ராஜ்யங்களுக்கு எல்லை பிரிக்கும் கமிஷனின் அறிக்கை வருவதற்குச் சில மாதம் முன்பே அண்ணன் ஒரு நாள் முகம் வாடி வந்து உட்கார்ந்தார்.

"நம்மளச் சேக்காம விட்டுருவினும் மக்கா."

"யார் சொன்னா?"

"விலை சொல்லுது. களியக்காவிளைக்கு அந்தால ஒருத்தனும் விக்க மாட்டேங்கான். இந்தால இருக்கவன் வித்துட்டு அங்க போவப் பாக்கான். எங்கேயோ ஒருத்தனுக்கு என்னமோ தெரியும். பெரிய ஆளுவ நிலம் வாங்குத பக்கத்துக்கு இந்தாலதான் கோடு வரும், நம்ம வெளியில."

நான் சிரித்தேன். கோடு அவர் சொன்ன இடத்திலேயே விழுந்தது. விளவங்கோடு தாலுகா தமிழ்ப் பக்கம், நாங்கள் கேரளப் பக்கம். ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி களியக்காவிளையில் சந்தோஷத்தில் வெடி போட்டார்கள். சத்தம் எங்கள் ஆபீசுக்குக் கேட்டது. அண்ணன் ஜன்னலைச் சாத்தினார்.

கோடு விழுந்ததும் எல்லாம் தலைகீழ். திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்க்கும் தெற்கத்திக் குடும்பங்கள் கேரளத்துக்குள்ளேயே மனை வேண்டும் என்று எங்கள் ஊருக்கு வந்தார்கள். ரோட்டோரத்தில் கடை போட ஆட்கள் வந்தார்கள். சென்ட் பதினைந்து ரூபாய்க்குச் சீந்துவார் இல்லாமல் கிடந்த தென்னந்தோப்பு விளைகளுக்கு ஐம்பது சொன்னார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான், மனை காலியாக இருக்க வேண்டும்.

காலி என்ற சொல்தான் எங்கள் ஊரை உலுக்கியது. ஒவ்வொரு தென்னை விளையின் மூலையிலும் ஒரு ஓலைக் குடிசை இருந்தது. விளைக்காரரின் அனுமதியில் மண்சுவர் வைத்துத் தலைமுறையாக இருந்தவர்கள். குடிகிடப்புக்காரர்கள் என்று பெயர். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. விளைக்காரர்கள் அவர்களைக் குடிசையை விட்டு இறங்கச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் என் மாட்டுக் கணக்கு எனக்குப் புரிந்தது. அந்தத் தொழுவங்களில் முக்கால்வாசி இந்தக் குடிசைகள். குடிசை வீடு என்று எழுதினால் வரி விளைக்காரர் தலையில் விழும். அவர் குடிசைக்காரனைப் பார்த்து, நீ கட்டு, இல்லை என்றால் இறங்கு என்பார். தொழுவத்துக்கு வரி கிடையாது. அதனால் அண்ணன் குடிசைகளை எல்லாம் தொழுவம் என்று எழுதியிருந்தார். விளைக்காரர்களுக்குச் சந்தோஷம். குடிசைக்காரர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். சர்க்காரை ஏய்த்துவிட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து அண்ணனுக்குப் பலாச்சக்கையும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். லஞ்சம் என்று சொன்னால் அவர் அடிக்க வருவார். உண்மையில் அது லஞ்சம் இல்லை, நன்றி.

ஐம்பத்தேழு ஏப்ரலில் புது மந்திரிசபை, குடிகிடப்புக்காரர்களை இறக்கிவிடக் கூடாது என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஊரே ஆபீஸ் வாசலில் நின்றது. இன்ன விளையில் எங்கள் வீடு இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதித் தாருங்கள், அது போதும் என்றார்கள். நான் பதிவேட்டைத் திறந்தேன். வீடு இல்லை, தொழுவம் இருந்தது. அடுத்தவருக்கும் தொழுவம். அதற்கடுத்தவருக்கும்.

லீலாபாய் என்ற கிழவி என் மேசையில் ஓங்கி அடித்தாள். "அப்போ நான் மாடா? எலே, நாப்பது வருசமா நான் அங்க புல்லா தின்னேன்?"

அண்ணன் பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தை அன்று பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அத்தனை பேர் காலடி மண்ணையும் அவர் கையாலேயே அழித்திருந்தார். அதில் அவர் காலடி மண்ணும் உண்டு. சதாசிவன் முதலாளியின் விளையில் ஐந்து சென்ட் மூலையில் இருந்த அவர் சொந்தக் குடிசையும் பதிவேட்டில் தொழுவம்தான். ஊருக்கெல்லாம் அப்படி எழுதிவிட்டு தனக்கு மட்டும் வீடு என்று போட அவருக்குக் கூச்சம். சதாசிவனோ அந்த மனைக்கு ஏற்கனவே ஒரு உத்தியோகஸ்தரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்.

நான் அவரைத் திட்டினேன். வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. "கிறுக்கு மனுசா, உமக்க பேருக்காவது ஒரு வீட்டு நம்பர் போட்டிருக்கப்படாதா?"

"போட்டிருந்தா இண்ணைக்கு இவங்க முகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்றார்.

மறுநாள் அவரே தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினார். வேண்டுமென்றே தவறாகப் பதிந்தேன், வீடுகளைத் திரும்ப அளக்க அனுமதி வேண்டும் என்று. மனு போன கையோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சம்பளம் இல்லாமல் அவர் என்னோடு ஒரு மாதம் நடந்தார். ரேஷன் கார்டும் ஓட்டர் பட்டியலும் பாதிப் பேருக்கு விளைக்காரர் வீட்டுப் பெயரில் இருந்தன, வேலைக்காரர்கள் என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனாலும் ஒருவருக்குப் பள்ளிக்கூடச் சான்று, ஒருவருக்கு மணியார்டர் ரசீது, ஒருவருக்கு விளைக்காரரே மனமிரங்கிக் கொடுத்த வாக்குமூலம் என்று தேடிப் பிடித்தார். எண்பத்து மூன்று குடிசைகளுக்கு நம்பர் போட்டோம். போட்டதும் வரி வந்தது. வரி வந்ததும் சிலர் அண்ணனை ஏசினார்கள். அது எங்கள் ஊர் குணம், அதை மாற்ற எந்தச் சட்டமும் வரவில்லை.

கடைசியில் மிஞ்சியது அவர் குடிசை. அதை நான் அளக்கக் கூடாது, கூட வேலை பார்த்தவன் என்றார்கள். ரெவன்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், முறையான மனிதர். குடிசை முன்னால் பாய் விரித்து உட்காரச் சொன்னாள் அண்ணன் மனைவி புஷ்பபாய் அக்கா. அவர் உட்காரவில்லை. சதாசிவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னை மரத்தடியில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார், "இது வீடோ தொழுத்தோ?"

சதாசிவன் தரையைப் பார்த்தார். "ரெக்கார்டுல உள்ளது போலத்தான் சார். தொழுத்து."

"இவர்கள்?"

"விளைக்குக் காவலுக்கு வந்து கெடப்பினும். அவ்வளவுதான்."

அண்ணன் குடிசை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எழுதியது அவர் கை. அதை மறுத்து அவர் என்ன பேச முடியும்? இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டு, வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டார்.

"உண்டு சார்," என்றாள் புஷ்பபாய் அக்கா. "கொஞ்சம் நில்லுங்க. வந்திட்டிருக்கு."

சற்று நேரத்தில் சபை உபதேசியார் யோசுவா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். கக்கத்தில் நீளமான பழைய நோட்டு ஒன்று. அது சர்ச்சின் அடக்கப் பதிவு, இறந்தவர்களை எழுதுகிற புத்தகம். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டு வந்தது அக்காதான். அண்ணனுக்குக்கூட அது தெரியாது. நோட்டைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

உபதேசியார் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது, ஜூலை பதினொன்று. கிருபாபாய். வயது நாலு. தகப்பன் சுந்தரதாஸ். காய்ச்சல். சதாசிவன் விளையில் உள்ள தங்கள் வீட்டில் வைத்து மரித்தாள்."

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி, தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வீடு என்று எழுதியிருப்பது எது என்று என்னிடம் கேட்டார். நான் காட்டினேன். அண்ணன் ஊர் முழுக்க அளந்து எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் எதிலும் இல்லாதது அந்த ஒரு வரியில் இருந்தது.

அக்கா சதாசிவனைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மொதலாளி, அண்ணைக்கு நீங்க உள்ள வந்தீங்க. பிள்ளைக்க தலைமாட்டுல இருந்தீங்க. தொழுத்துக்குள்ளயா வந்து இருந்தீங்க? சொல்லுங்க. நீங்க சொன்னா நாங்க எறங்கிப் போவோம்."

சதாசிவன் மடித்துக் கட்டிய வேட்டியைத் தழைய விட்டார். எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னாலும், சாவு வீட்டிலும்தான் அப்படிச் செய்வார்கள். முன்பணமாக வாங்கிய காசு அவர் மனத்தில் ஓடியிருக்கும், ஐம்பது ரூபாய் விலையும் ஓடியிருக்கும்.

"வீடுதான் சார்," என்றார் கடைசியில். "பிள்ளைய அடக்கின பெட்டிக்கு எனக்க பிலா மரத்தை முறிச்சுத்தான் பலகை குடுத்தேன். எழுதிக்கிடுங்க, வீடு."

இன்ஸ்பெக்டர் பாயில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார், இதை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று. அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். பிள்ளை போனதிலிருந்து எட்டு வருடமாக அவர் அழாத அழுகை அது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

"நீங்களே ஒரு தொகை போடுங்க சார்," என்றாள் அக்கா. "எவ்வளவானாலும் நாங்க கெட்டுவோம்."