எங்கள் தெருவில் அரளி வெட்டிய பங்குனி

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது எனக்குச் செடி வளர்க்கவே தெரியாது. பிறந்த ஊர் சாத்தான்குளம். வீட்டைச் சுற்றிப் பனையும் உடைமரமும்தான். குடிதண்ணீரையே பார்த்துப் பார்த்துச் செலவழித்த வீட்டில் பூச்செடிக்கு யார் ஊற்றுவார்கள்? பூ என்றால் பூக்காரியிடம் முழம்போட்டு வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் குடிவந்தது ஊருக்குத் தெற்கே புதிதாக உருவான ஒரு காலனி. எங்கே தோண்டினாலும் சரளைக்கல். அந்த மண்ணில் தெரு முழுக்கப் பூவைக் கொண்டுவந்தது எங்கள் எதிர்வீட்டு டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். அவர் கணவர் தபால் ஆபீசில் இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி.

நான் வந்த முதல் வாரத்திலேயே டீச்சர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய பிச்சிக் கொடி.

"வீட்டு வாசல் இப்படியா மொட்டையா கெடக்கும்? இந்தா, சன்னலுக்குக் கீழ வையி. ஒரு மாசம் வாடுனாப்ல இருக்கும், பயந்துராத."

வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவரே குழி தோண்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பிறகு நந்தியாவட்டை வந்தது, கனகாம்பரம் வந்தது, சுற்றுச்சுவர் ஓரமாக வைக்கச் செவ்வரளிக் குச்சிகள் வந்தன. எனக்கு மட்டுமில்லை. தெருவில் எந்த வீட்டில் எது பூத்தாலும் அதன் தாய்ச்செடி டீச்சர் வீட்டில்தான் இருந்தது.

மாசி பிறந்தால் எங்கள் தெரு வேறு தெருவாகிவிடும். தெருமுனை வேம்பு தளிர்விட்டுப் பங்குனியில் பூத்துக் கொட்டும். வாசல் தெளிக்கப் போனால் காலடியில் வெள்ளை வெள்ளையாய் ஒட்டும். மூன்று மணி வெயிலில் நாங்கள் பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மொட்டுப் பறிப்போம். பிச்சி மொட்டின் அடியில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு ஓடும். அது தெரிந்தால்தான் அன்று சாயங்காலம் விரியும். கட்டி முடித்து ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு, வெயில் இறங்கியதும் யார் வீட்டில் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்போம். அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்களுக்காகவே வருஷம் முழுக்கத் தண்ணீர் சுமந்தேன்.

அப்படி ஒரு பங்குனியில்தான் அது தொடங்கியது. மதியம் தூங்கி எழுந்து பார்க்கிறேன், டீச்சர் என் பிச்சிக் கொடியருகே நின்று பறித்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் வெளியே போனேன். மடியைப் பார்த்ததும் திக்கென்றது. அரிசி அளவுப் பச்சை மொட்டுகள், இன்னும் பத்து நாள் கழித்துப் பூக்க வேண்டியவை, இலையோடும் கொழுந்தோடும் உருவப்பட்டுக் கிடந்தன.

"டீச்சர், இது பிஞ்சால்லா இருக்கு?"

"நாளைக்கு ஸ்கூல்ல ஆண்டுவிழா. பிள்ளைகளுக்கு வேணும்" என்றார். ஓய்வுபெற்று ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி ஒரு கிண்ணத்தில் அந்த மொட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்து நான் என்ன செய்ய முடியும்? அவருக்கும் அது தெரியும். "அவ கட்டப் பாத்தா. விரல்ல நூல் நிக்க மாட்டேங்கு. எல்லாம் உதிந்து போச்சு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ஏசிராதம்மா" என்றார்.

நான் எதற்கு ஏசப்போகிறேன். ஆனால் டீச்சர் தினமும் வரத் தொடங்கினார். என் வீட்டுக்கு மட்டுமில்லை, எல்லா வீட்டுக்கும். மொட்டு, பூ, கொழுந்து என்று கையில் அகப்பட்டதெல்லாம் மடிக்குப் போகும். அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவருவார். "பைய வா, வீட்டுக்குப் போவோம்" என்று தோளைத் தொடுவார். அவர் கையைத் தட்டிவிட்டுவிட்டு டீச்சர் அடுத்த கேட்டைத் திறப்பார். டாக்டரிடம் காட்டினார்கள். மறதி, வயசுக்கு இப்படி வரும், மாத்திரை கொடுக்கிறேன், சரியாகும் என்று சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உவரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. தவக்காலம் முழுக்க அந்த அக்கா தலையில் பூ வைக்க மாட்டார். தன் பன்னீர் ரோஜாக்களையும் செடியிலேயே விட்டுவைப்பார். ஈஸ்டருக்கு முந்தின நாள் பறித்துக் கோயில் பீடத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். அந்த வருஷம் சனிக்கிழமை காலை அவர் கத்திய சத்தம் கேட்டு ஓடினேன். ரோஜாச் செடிகளில் ஒரு பூ இல்லை. டீச்சரின் விரல்களில் முள் கிழித்து ரத்தம்.

"இது கோயிலுக்கு வச்ச பூவு டீச்சர்! நீங்க பாட்டுக்கு இப்படிப் பறிச்சா எப்படி?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத முகம். "என் செடிதான? நான்தான உனக்கு ஒடிச்சிக் குடுத்தேன்?"

அக்கா என் பக்கம் திரும்பி, "சரியாத்தான சொல்லுதா. என்னத்தப் பேச?" என்றார். உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து டீச்சரின் விரல்களில் அவரே வைத்துவிட்டார். மறுநாள் கடைப்பூ வாங்கிக் கோயிலுக்குப் போனார்.

சிலர் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அது அதைவிட மோசமாகப் போயிற்று. டீச்சர் பூட்டிய கேட்டைப் பிடித்து உலுக்கி, உள்ளே விடச் சொல்லி அழுவார். ஒரு வாரத்தில் பூட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். டீச்சர் வீட்டிலேயே நிறையச் செடி இருக்கிறதே, அங்கே உட்கார வைக்கலாமே என்று ஒருநாள் நான் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"உக்கார வச்சேம்மா. இது யாரு வீடு, வீட்டுக்காரங்க வந்தா ஏசுவாங்கன்னு எந்திரிச்சு வாரா."

அடுத்த வருஷப் பங்குனியில் நிலைமை இன்னும் முற்றியிருந்தது. என் சுவரோரச் செவ்வரளி அந்த வருஷம்போல அதற்கு முன் பூத்ததில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, சுவருக்கு வெளியேயும் சாய்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் தண்ணீர் ஊற்றப் போனபோது டீச்சர் அந்த மறைவில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். உதட்டோரம் சிவப்பு இதழ். அரளி.

குடத்தைப் போட்டுவிட்டு அவர் வாயில் விரலை விட்டேன். கடித்தார். நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி செருப்பில்லாமல் ஓடிவந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்துவந்தார். பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கொஞ்சமாகத்தான் தின்றிருக்கிறார், தப்பித்தார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டுக் கேட்டாக வந்தார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

"அரளிய மட்டும் வெட்டிருங்கம்மா. நான் எவ்வளவுதான் பாக்க? குளிக்கப் போனாக்கூட வெளிய போயிருதா. உங்க வீட்டுச் செடிய வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா வேற வழி தெரியலம்மா."

என் வீட்டுக்காரர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அரிவாளை எடுத்தார். நான் உள்ளேயே இருந்தேன். தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். பூ கொள்ளாமல் நின்ற அரளிகள் எல்லா வீட்டு வாசலிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஆடு மாடு வாய் வைத்துவிடக்கூடாது என்று மேலே சாக்குப் போட்டு மூடினோம்.

நாங்கள் மூடி முடிக்கிறதற்குள் டீச்சர் வந்துவிட்டார். வெட்டிய தூர்களைப் பார்த்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கலக்கமும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற டீச்சர் அவர்.

"ஏ பிள்ள, உனக்கு அறிவிருக்கா? பூத்து நிக்கிற செடிய எவளாவது வெட்டுவாளா? வெட்டணும்னா பூவெல்லாம் ஓஞ்ச பொறவு வெட்டணும். இப்படி அடியோட எதுக்கு வெட்டின? சொல்லு!"

அண்ணாச்சிதான் முன்னால் வந்து, "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. செடியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அண்ணாச்சியின் முகம் விரிந்தது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை டீச்சர் அவரிடம் சொல்கிற பேச்சு அது. "ஆமா, எனக்கு என்ன தெரியும்" என்றார். சிரித்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்த வார்த்தைக்காக மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் அதற்குள் குனிந்துவிட்டார். வெட்டிய அரளிக் கொத்துகளை அள்ளி மடியில் போட ஆரம்பித்தார். அண்ணாச்சி கீழே உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். ஒரு கையை விடுவிக்கிறதற்குள் மறு கை அள்ளியது. நானும் போய் உட்கார்ந்து பிடித்தேன். கிழவியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சித்திரை பிறப்பதற்குள் சென்னையிலிருந்து மகன் வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஏற்பாடு கொஞ்சம் முன்பே தெரிந்திருந்தால் அரளியை வெட்டாமலே இருந்திருக்கலாம் என்று தெருவில் யாரோ சொன்னார்கள். அந்தக் கோடையில் எதிர்வீட்டுச் செடிகளுக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சுவருக்கு மேலே குழாய் போட்டுத் தண்ணீர் விட்டோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீர் எங்கள் வீட்டுக்கே பத்தாமல் போனபோது அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒரு வருஷம் கழித்து, வீட்டை வாடகைக்கு விட அண்ணாச்சி தனியாக வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கா. மூணாவது மாடி, கம்பி போட்ட சன்னல். அங்கன ஒரு செடி கெடையாது. ஒருநாள் மருமவ மல்லிப்பூ வாங்கி வச்சுவிட்டா. தலையில என்னமோ ஊருதுன்னு பிச்சு எறிஞ்சுட்டா. இப்பம் பூவக் கண்டாலே பயம்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "மாத்திரை குடுக்கியளா?" என்றேன். அவர் தலையாட்டினார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே என் அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்து, துலக்கி, கவிழ்த்து வைக்க இடம் தேடினார். ஒரு வருஷமாக எல்லாம் தானே செய்து பழகிய கை; அது அடுத்தவர் வீடு என்றே அவருக்குத் தோன்றவில்லை. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.