அண்ணன் குரலைத் தாழ்த்திய நாள்

போர் முடிந்து அண்ணன் பனமரத்துப்பட்டிக்குத் திரும்பியபோது கையும் காலும் நன்றாக இருந்தன. காது மட்டும் போயிருந்தது. பர்மாப் பக்கம் பெரிய பீரங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். ஒரு குண்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும் என்பார். வெடிக்கும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காது போய்விடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் திறந்துதான் வைத்திருந்தார். அங்கே வாயால் சொல்லும் உத்தரவு யாருக்கும் கேட்காது, கைதான். கை உயர்ந்தால் தயார், இறங்கினால் சுடு.

தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. "கொழம்புல உப்பே பத்துல" என்று அவர் சொன்னால், மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பெண், "உப்பு நாங் கொண்டாரட்டுங்களா?" என்பாள். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். "உங்கண்ணன் பீரங்கிய ஊட்டுக்கே கொண்டாந்துட்டாருங்க தம்பி."

எனக்கு அவரிடம் பேசுவதே கஷ்டம். நான் சாதாரணமாகவே வாய் திறக்காதவன். அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். எழுதிக் காட்டலாமென்றால் அவருக்கு எழுத்துத் தெரியாது.

அவர் வந்த மறுவருஷம் அண்ணிக்குத் தலைப்பிரசவம். அன்று காலை அண்ணன் என்னை வாசலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கொழந்த அழுவுற சத்தம் கேட்டதும் என் தோள்ல ஒரு தட்டுத் தட்டு சாமி. எனக்கும் சேத்து நீ கேளு."

கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. மருத்துவச்சி வெளியே வந்து என் பக்கம் குனிந்தாள்.

"பொண்ணுங்க தம்பி. மூச்சே உடுல. அம்மணிக்கு ரத்தம் நெறையாப் போயிருக்குது. கொஞ்சம் தெம்பு வரட்டும், இப்பச் சொல்ல வேண்டாம். குளிப்பாட்டறோம்னு சொல்லி வெச்சிருக்கறன்."

அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா? அழுதுச்சா?"

நடுவில் ஒரு மண்சுவர்தான். அங்கே நான் பதில் சொன்னால் அண்ணிக்குக் கேட்டுவிடும். அவர் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம், "பையனா, பொண்ணா? சொல்லேண்டா!" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரலில் சந்தோஷம் இருந்தது. என் முகத்தை அவருக்குக் காட்டவே இல்லை.

கரைமேல் ஏறி, அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "கொழந்த அழுவுலீங்ண்ணா! உசுரு இல்லீங்!"

தண்ணீரோரம் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

அண்ணன் என் பக்கம் திரும்பி, "அவளுக்குத் தெரியுமா?" என்றார். இல்லையென்று தலையசைத்தேன்.

"நாந்தான் சொல்லோணும். வேற யாரும் சொல்லக் கூடாது." என் கையைப் பிடித்து, "ஆனா நாங் கத்துவனே. அதப் போயி கத்தியா சொல்றது? சத்தம் எவ்வளவுன்னு நீ கையில காட்டு" என்றார்.

கையை உயர்த்தினேன். "நம்ம புள்ள உசுரோட இல்லீம்மா" என்றார். ஏரி முழுக்கக் கேட்டது. கையைச் சட்டென்று கீழே இறக்கினேன். அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது, உடம்பு விறைத்தது. மறுகணம் புரிந்துகொண்டு தலைகுனிந்தார். அதன்பிறகு கையை மெதுவாகத்தான் இறக்கினேன். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திச் சொன்னார். "இப்ப? இன்னுங் கொறைக்கட்டுமா?" என்று நடுவில் கேட்பது மட்டும் பழைய சத்தத்தில் வந்தது. கடைசியில் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குக் குரல் வந்தது. தொண்டையில் கைவைத்துப் பார்த்து, அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அண்ணி தூங்கி விழித்து, இனிச் சொல்லலாமென்று மருத்துவச்சி தலையாட்டியதும் அண்ணன் உள்ளே போனார். நான் சுவரோரம் நின்றேன். அவர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. சற்று நேரத்தில் அண்ணி அழும் சத்தம் மட்டும் வந்தது.