வரப்பு கட்டிய கிராவல் பாதை

திருவையாற்றுக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் பஞ்சநதம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் கம்பெனிக்காரன் மாடலையே மாற்றிவிடுவான். வீட்டுக்கு மிக்ஸி வந்த கதையை மனைவி மங்களாம்பிகை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறை அப்படி இழுக்க முடியாது. மகள் மேகலா ஏழு மாத வயிற்றோடு சிங்கப்பூரிலிருந்து பிரசவத்துக்கு வருகிறாள். இடையில் ஒருமுறை உதிரம் பட்டுவிட்டதால், வண்டி குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து வயல் நடுவே வீட்டுக்கு வரும் கிராவல் பாதையோ குண்டும் குழியுமாகக் கிடந்தது. பாதையை நிரவ மினி டிராக்டர் இருக்கிறது. பின்னால் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

காதர் மைதீனின் உழவுக் கருவிக் கடையில் டீச் செலவு ஏறியது.

"ரோட்டவேட்டர் மாட்டுனா என்ன பாய்?"

"பாதை புட்டு மாதிரி உதிந்துரும்ணே."

"கொத்துக்கலப்பை?"

"கிளறி விடும், மூடாது. பாதையில உளுந்தா விதைக்கப் போறீங்க? மண்ணு தள்ளுற பிளேடு எடுங்க. வேணுங்கிற பக்கம் சாய்ச்சுக்கலாம். நடுவுல மேடா வச்சு, ரெண்டு ஓரத்தையும் சரிச்சு விடுங்க."

பஞ்சநதம் பிளேடைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்க்காததுதான் குறை. கடைசியில் வாங்கியும்விட்டார். சரித்து விடச் சொன்னது மட்டும் காதில் தங்கவில்லை. காலமெல்லாம் வயலில் பரம்படித்து மட்டம் பார்த்த கை, மேட்டைக் கண்டால் பொறுக்குமா? பாதையைக் கண்ணாடி போல இழுத்தார். ஓரத்தில் ஒதுங்கிய கிராவலைப் பார்த்ததும் காலும் சும்மா இருக்கவில்லை. மிதித்து மிதித்து இரண்டு பக்கமும் அழகாக வரப்பு கட்டிவிட்டார்.

மகள் வருவதற்கு முதல் நாள் விடியற்காலையில் ஐப்பசி மழை கொட்டியது. காலையில் பார்த்தால், பாதை முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.

மங்களாம்பிகை வாசலில் நின்று பார்த்தாள். "என்னங்க, நாத்து விட்டுரலாமா?"

"எப்படி நிக்குது பாரு. ஒரு சொட்டு வெளிய போகலை." பஞ்சநதத்தின் குரலில் பெருமைகூட இருந்தது.

"நிக்குது. நாளைக்கு உங்க பொண்ணும் மெயின் ரோட்டுக் கோடியிலேயே நிப்பா."

அப்போதுதான் அவர் செல்போனைத் தேடினார். கடைக்குப் போன் போட்டார்.

"பாய், பாதையில தண்ணி நிக்குது."

"வரப்பு கட்டுனீங்களா?"

"கிராவல் தானா ஓரத்துல ஒதுங்குச்சு பாய்."

"கட்டியிருப்பீங்க. வெட்டி விடுங்கண்ணே. வடிஞ்சதும் பிளேடைச் சாய்ச்சு, ஓரத்துலேர்ந்து நடுவுக்கு இழுங்க."

மண்வெட்டியோடு போனவர் வரப்பின் முன் தயங்கினார். நிற்கிற தண்ணீரைத் தன் கையாலேயே வெட்டி வெளியே அனுப்புவது அவர் வம்சத்தில் நடக்காத காரியம். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டினார். தண்ணீர் வடிந்ததும் அந்தி வரை டிராக்டரை விட்டு இறங்கவில்லை. பாதை நடுவில் மாட்டு முதுகு போல மேடேறியது.

இரவும் மழை பெய்தது. காலையில் பாதையில் ஈரம் மட்டும் மினுங்கியது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து மகளை ஏற்றி வந்த கார் உள்ளே திரும்பியதும், பஞ்சநதம் அதன் முன்னால் பின்னோக்கி நடந்தபடியே டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்தார்.

மேகலா கண்ணைக் கசக்கினாள். "தூங்கிட்டேன்ப்பா. மெயின் ரோடு தாண்டியாச்சா?"

பஞ்சநதம் மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா" என்றார்.