குதிரைக்குள் ஆனந்தவள்ளி

டெக்சாஸ் பிச்சையைத் திருச்சியில் பிறந்தநாள் விழா வைக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். தலையில் அண்டா மாதிரி தொப்பி, இடுப்பில் ரெண்டு துப்பாக்கி. "இந்தச் சீமையிலயே வேகமாச் சுடுறவன் நான்தான்!" என்று மீசையை முறுக்குவான். துப்பாக்கியை உருவினால் பெல்ட் அவிழ்ந்து கால்சட்டை இறங்கும். சுட்டால் குண்டு வராது, 'டுமீல்' என்று எழுதிய துணிக்கொடி வந்து தொங்கும். மேசை மேல் ஏறிக் குதிரை முதுகுக்குப் பாய்வான். குதிரை சாவகாசமாக ஓரடி நகர்ந்துகொள்ளும். பிறகு வழி தெரியாமல் அவன் விழிக்க, குதிரை மூக்குக்கண்ணாடி போட்டு வரைபடம் பார்த்து அவனை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தக் குதிரையின் முன்பாதி அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளி. பின்பாதி, லால்குடியிலிருந்து பஸ் ஏறி வரும் அவள் தம்பி செல்லக்கண்ணு.

இந்தக் கூத்தெல்லாம் யார் மூளையில் உதித்தது என்கிறீர்கள்? மகள் வேணி குழந்தையாக இருந்தபோது, டிவியில் கௌபாய் கார்ட்டூன் ஓடினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஊட்டிக்கொண்டே பார்த்தவள் ஆனந்தவள்ளி. சூரன் என்று வருகிறவன் அசடு, அவனைச் சுமக்கிற குதிரைதான் கெட்டிக்காரி என்ற சூட்சுமம் அவளுக்குத்தான் பிடிபட்டது. ஸ்பாஞ்சும் ரெக்சினும் வாங்கிக் குதிரை தைத்தாள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு விழச் சொல்லிக்கொடுத்தாள். பேரை மட்டும் அவன் தட்டிக்கொண்டு போனான். காலேஜில் படிக்கிற வேணிகூட, "அப்பா காமெடி பண்றாரு, அம்மா ட்ரெஸ் தைப்பாங்க" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். குதிரைக்குள் இருப்பது அம்மா என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

ஆனந்தவள்ளி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை மைக்கில் தன் பேரைச் சொல்ல வேண்டும், அதை வேணி கேட்க வேண்டும்.

கைலாசபுரத்தில் ஒரு சங்கத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பிச்சைக்குப் பொன்னாடை உண்டு என்றார்கள். வேணியும் வருவதாகச் சொன்னாள். கிளம்பும்போது ஆனந்தவள்ளி மறுபடி கேட்டாள்.

"ஞாபகம் இருக்கட்டுங்க. எம் பேரு."

"அட, சொல்றேன் புள்ள. உன்னைய விட்டா எனக்கு யாரு?" என்றான் பிச்சை. அவளும் நம்பினாள், பைத்தியக்காரி.

ஆட்டம் அன்றைக்குப் பிரமாதம். சங்கச் செயலாளர் பீமராவ் மேடையேறி பிச்சைக்குப் பொன்னாடை போர்த்தினார். நல்ல மனுஷர், தானாகவே கேட்டார்.

"குதிரைதான் சார் இன்னைக்கு ஹீரோ. உள்ள யாருங்க?"

குதிரைக் கழுத்தில் வெட்டிய ஓட்டை வழியாக ஆனந்தவள்ளி பார்த்தாள். மூன்றாம் வரிசையில் வேணி உட்கார்ந்திருந்தாள்.

"அதுங்களா? எங்க ராஜாத்திங்க! ரெண்டு பிடி கொள்ளு போட்டா போதும், கேள்வியே கேக்காது!" என்றான் பிச்சை.

அடப்பாவி! அரங்கம் கொல்லென்று சிரித்தது. வேணியும் சிரித்தாள். பீமராவும் சிரித்துக்கொண்டே, "அப்ப ராஜாத்திக்கும் ஒண்ணு" என்று இன்னொரு பொன்னாடையைப் பிரித்துக் குதிரை முதுகில் போர்த்தினார். அவள் தோளில் விழ வேண்டியது. செல்லக்கண்ணுவின் முதுகுக்கு மேல் ரெக்சினில் கிடந்தது.

ஆனந்தவள்ளி அதற்கு மேல் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் குதிரைத் தலையைக் கழற்றிக் கீழே போட்டாள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. 'நான் ஆனந்தவள்ளி' என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

பிச்சையின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. ஒரே நொடிதான். தொப்பியைத் தரையில் வீசி நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ! எங் குதிரை எம் பொண்டாட்டிய முழுங்கிருச்சுங்களே!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அழுத குழந்தையும் கைதட்டியது. வேணி தலை குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். காவிரிப் பாலம் தாண்டியதும் பிச்சைதான் வாய் திறந்தான். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறான் என்று அவள் காதைக் கொடுத்தாள்.

"வள்ளி, அந்தத் தலையைக் கழட்டுறது இருக்கே, சும்மா அள்ளிருச்சு. இனிமே அதையே கடைசியா வெச்சிக்குவோம்."

அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வாள்? இந்தப் பிழைப்பில்தான் வேணி படிக்கிறாள். அந்தப் பொன்னாடையைக் குதிரைக்குச் சேணமாகத் தைத்துவிட்டாள். ஸ்ரீரங்கத்துக் கல்யாண ரிசப்ஷன், திருவானைக்காவல் பிறந்தநாள், எங்கே போனாலும் அதே இடத்தில் தலையைக் கழற்றுகிறாள். வாயெடுக்கிறாள். குதிரை முழுங்கிவிட்டது என்று அவன் அலறுகிறான். ஜனம் சிரிக்கிறது.

அன்றைக்கு மாதிரியே கண்ணில் தண்ணீர் இருந்தால்தான் எடுபடும் என்று பிச்சை கிளிசரின் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதன் மூடியை அவள் இதுவரை திறக்க வேண்டி வந்ததில்லை.